பத்துப் படிக்கு ஒரு கல்வெட்டு

வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்ட என் அருமை மச்சான் கோதண்டா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. இருந்தபோது ஆயிரம் தடவை கேட்டேன், ஆயிரம் தடவையும் "எனக்கு இன்னா மச்சான், கல்லு மாரி கீறேன்" என்றுதான் சொன்னாய். உன் வார்த்தையை இனி நான் நம்புவதாக இல்லை.

கோபத்தில்தான் எழுதுகிறேன். திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை நம் மண்டி ஆட்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் போடப் போகிறேன். தமிழ் படிக்க வராதவர்களுக்காக என் மகள் வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்து தருகிறாளாம். உன்னைத் திட்டுவது அவர்கள் காதிலும் விழட்டும். ஐம்பதைத் தாண்டியவர்கள் காதில் இரண்டு தடவை விழட்டும்.

முதலில் வீட்டு நிலவரம். சரோஜா தங்கச்சி நன்றாக இருக்கிறாள். உன் மகன் லாரியை விற்கவில்லை. பின்பக்கம் உன் பெயரைத் தெலுங்கில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறான். போன வாரம் சிக்னலில் உன் பெயருக்குப் பின்னால் நின்று புகை குடித்துவிட்டு வந்தேன். மாங்காய் சீசன் முடிந்தது. மாங்கூழ் ஃபேக்டரிகள் கேட்டை இழுத்து மூடிவிட்டன. சித்தூர் மண்டியில் இப்போது வைக்கோலும் ஈயும்தான்.

சீசன் முடிந்தால் நாம் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும். குரூப்பில் இருக்கும் புது ஆட்களுக்காகச் சொல்கிறேன். நாம் நாலு பேரும் ஒரே மண்டியில் கூடை தூக்கியவர்கள். ஒரு சென்ட் நிலம் இல்லாத வீடுகள். பிறகு நான் காய் வாங்கி ஃபேக்டரிக்கு அனுப்புகிறவன் ஆனேன், நீ லாரி வாங்கினாய், முனிரத்தினம் பெயின்ட் கடை போட்டான், பாஷா டயர் கடை. கூடை தூக்கிய காலத்திலேயே ஒரு வழக்கம். சீசன் முடிந்த வாரம் ஸ்ரீவாரி மெட்டு வழியாகத் திருமலைக்கு நடந்து ஏறுவது. கார் வாங்கிய பிறகு பாஷா நம்மைக் கீழே இறக்கிவிட்டு, காரோடு காத்திருந்து, லட்டு வாங்கிக்கொள்வான். இரண்டாயிரத்துக்கு மேல் படி. நீதான் எப்போதும் முன்னால் போவாய். "ஏறுங்கடா மூட்டைங்களா" என்று மேலே இருந்து கத்துவாய்.

அப்படிப்பட்ட நீ, மூன்று வருஷம் முன்னால் உன் லாரி ஷெட்டில் உட்கார்ந்துகொண்டு என்ன சொன்னாய்?

"வருஷா வருஷம் படி ஏறிகினே இருக்கணுமா மச்சான்? பெருமாள் எங்கியும் போவ மாட்டாரு. பஸ்ல போயி கும்புட்டுக்கலாம். இந்தப் பழைய கோட்டை, அரண்மனை, கோயிலுங்கல்லாம் சரி பண்ணி வச்சிகிறாங்களாம். அதெல்லாம் போயி பாப்போம்."

"கோட்டையில பிரியாணி கெடைக்குமா?" என்று பாஷா கேட்டான். அவ்வளவுதான் நம் கூட்டத்தில் நடந்த விசாரணை.

நானும் ஒத்துக்கொண்டேன். வயது ஆக ஆக மனுஷனுக்குச் சரித்திரத்தில் புத்தி போகிறது, நல்லதுதானே என்று நினைத்தேன். குர்ரங்கொண்டா கோட்டைக்குப் போனோம், வேலூர்க் கோட்டைக்குப் போனோம். பத்துப் படி ஏறினால் நின்றுவிடுவாய். "இங்க பாரு, இந்த யானைக்குக் காது ஏன் சின்னதா கீது? சொல்லு பாக்கலாம்." எங்களுக்குத் தெரியாது. நாங்கள் யோசித்து முடிப்பதற்குள் நீ அடுத்த பத்துப் படி ஏறி, அடுத்த கல்லுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நிற்பாய். யானைக்குக் காது ஏன் சின்னது என்று கடைசிவரைக்கும் நீ சொல்லவே இல்லை. சுவரில் எழுத்து இருந்தால் போதும், விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்துவிடுவாய். "ராஜா வெளக்கு எரிக்க ஆடு குடுத்தான்னு போட்டுகிது." எந்த ஊர்ச் சுவரைப் பார்த்தாலும் ராஜா ஆடு கொடுத்துக்கொண்டேதான் இருந்தான். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டோம்.

பத்து மாதம் முன்னால் ஒரு சாயங்காலம் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காரை விட்டு இறங்கி நடந்துதான் உள்ளே போனாய். மறுநாள் மதியம் உன் உடம்பைத்தான் கொண்டுவந்தோம். "இந்த அடைப்பு இன்னிக்கு நேத்து வந்தது இல்ல, மூணு நாலு வருஷமாவே இருந்திருக்கணும்" என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது. தப்பித்துக்கொள்ளப் பேசுகிறார் என்று நினைத்தேன். மூன்று நாலு வருஷமா? எங்கள் கண்ணெதிரில் கோட்டை கோட்டையாக ஏறியவனுக்கா?

இப்போது இந்த வருஷக் கதைக்கு வருகிறேன்.

"கோதண்டன் பேருக்கு இந்தத் தடவ மெட்டு வழியா நடந்தே ஏறலாம்டா, பழைய மாரி" என்றேன். முனிரத்தினம் உடனே குறுக்கே விழுந்தான். "வேணாம் மச்சான். கோட்டைக்கே போலாம். அதான் அவனுக்குப் புடிச்சது. அவன் ஆத்மா சந்தோஷப்படும்." உன் ஆத்மாவை இழுத்ததும் நான் வாயை மூடிக்கொண்டேன். முதலில் சந்திரகிரிக் கோட்டை, பிறகு திருச்சானூர் பக்கத்தில் யோகிமல்லவரம் சிவன் கோயில், பிறகு காளஸ்தியில் இடிந்து விழுந்த இடத்தில் திரும்பக் கட்டிய கோபுரம். இதுதான் திட்டம்.

பாஷாவைப் பற்றிக் கேட்காதே. சந்திரகிரி வந்து சேர்வதற்குள் நாலு இடத்தில் நிறுத்தினான். இரண்டு தடவை டீ, ஒரு தடவை வேர்க்கடலை, ஒரு தடவை எவனோ ஒருவன் லாரி டயரைப் பார்த்து "இந்தப் பழைய டயர ரீட்ரெடிங் பண்ணது நானு" என்று பெருமைப்பட. ராஜ மஹால் வாசலில் இறங்கியதும், "நீங்க பாத்துட்டு வாங்க, நான் மரத்தடியில சீட்ட சாச்சிக்கிறேன்" என்றான். எட்டு மணிக்குக் கிளம்பியது, பதினொன்றுக்கு வெயிலில் போய் நின்றோம்.

மஹாலை நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். புல்லை ஒட்ட வெட்டி, பாதை போட்டு, சுவரெல்லாம் சரிசெய்து. முனிரத்தினம் பெயின்ட் கடைக்காரன் இல்லையா, சுவரைக் கண்டதும் ஆரம்பித்துவிட்டான். மாடிக்கு ஏறும் படி அந்தக் காலத்துப் படி, நல்ல உயரம். ஏழெட்டுப் படி ஏறியதும் நின்றான்.

"மச்சான், இந்தப் பூச்சப் பாரு. சுண்ணாம்பு, கடுக்கா, வெல்லம் எல்லாம் போட்டு அரைச்சது. நம்ம கடையில இருக்கிற எந்த டப்பாவும் இதுகிட்ட நிக்காது."

சரி என்றேன். இன்னும் கொஞ்சம் ஏறினான். மறுபடி நின்றான். மறுபடி சுண்ணாம்பு, மறுபடி கடுக்காய். பின்னால் ஒரு குடும்பம் குழந்தை குட்டியோடு தேங்கி நிற்கிறது. அந்த அம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஜருகண்டி, கொஞ்சம் ஜருகண்டி" என்றாள்.

"இன்னாமா, இது இன்னா திருமல கியூவா? நகரு நகருன்னு தள்றே" என்று சண்டைக்குப் போனான். போனானே தவிர, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு இழுப்பு இருந்தது. நான் கவனிக்கவில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. உன் வியாதி இவனுக்கும் தொற்றிக்கொண்டதே, இனி ஊர் ஊராகக் கடுக்காய்க் கதை கேட்க வேண்டுமே என்ற எரிச்சல். உன் வியாதி என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டது எவ்வளவு சரி, பார்த்தாயா?

ஒரு லோடு காயில் பத்துக் காயை அறுத்துப் பார்த்து முழு லோடுக்கும் ஜாதகம் சொல்கிறவன் நான். இந்த ஜில்லாவில் என்னை ஏமாற்றிக் காய் விற்றவன் கிடையாது. கூடவே முப்பது வருஷம் சுற்றியவனை என்னால் பார்க்க முடியவில்லை.

யோகிமல்லவரம் சின்னக் கோயில். படியே கிடையாது, சமதரை. வேலி போட்டுச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். கூட்டமும் இல்லை. கேட்டிலிருந்து ஐம்பது அடி நடந்திருப்போம். முனிரத்தினம் சுவர் பக்கம் ஒதுங்கினான். சுவர் நிறைய பழைய எழுத்து. குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

"இன்னாடா எழுதிகிது?" என்று கேட்டேன்.

"ராஜா... வெளக்கு எரிக்க... ஆடு குடுத்தான்னு... போட்டுகிது."

நான் சிரித்தேன். இரண்டடி தள்ளிப் போன பிறகுதான் உறைத்தது. அது தமிழ்க் கல்வெட்டு. முனிரத்தினம் ஏழாவது வரைக்கும் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். வேலூர் பஸ் போர்டையே என்னிடம் கேட்டுத்தான் ஏறுவான். தமிழில் தன் பெயரை எழுதத் தெரியாதவன் ஆயிரம் வருஷத்துத் தமிழைப் படித்துக்கொண்டிருக்கிறான். எனக்கே அதில் நாலு எழுத்துக்கு மேல் புரியவில்லை.

திரும்பிப் பார்த்தேன் மச்சான். அவன் விரல் எந்த எழுத்தின் மேலும் இல்லை. உள்ளங்கையை முழுசாகச் சுவரில் ஊன்றிக்கொண்டிருந்தான். பின்கழுத்தெல்லாம் வேர்வை. தோள் ஏறி ஏறி இறங்கியது.

அப்போதுதான் நீயும் அதே பள்ளிக்கூடம் என்பது ஞாபகம் வந்தது. அதே பெஞ்சு.

வேலூரில் நீ சுவரில் கைவைத்து நின்றது, குர்ரங்கொண்டாவில் நின்றது, யானையின் காது, எல்லாம் ஒரேயடியாக என் முன்னால் வந்து நின்றது. மெட்டுப் படியில் தூணும் இல்லை, சிற்பமும் இல்லை. அங்கே நடுவில் நின்றால் "இன்னாடா ஆச்சு" என்று கேட்போம். கோட்டையில் நிற்கிறவனை யாரும் கேட்பதில்லை. நிற்கத்தானே அங்கே போகிறோம். இதைக் கணக்குப் போட்டுத்தான் எங்களை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போனாயா? அத்தனை கல்லில் ஒரு கல்லையாவது நிஜமாகப் பார்த்தாயா? அந்த யானையையாவது?

உன்னிடம் கேட்க முடியாது. உயிரோடு இருந்தவனைப் பிடித்தேன்.

காரில் ஏறியதும் நேராகவே சொன்னேன். "முனிரத்தினம், உனக்கு மூச்சு வாங்குது. சமதரையிலயே நின்னு நின்னு நடக்கற. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"இன்னாடா ஒளர்ற? வெயிலு. காளாஸ்திக்கு வுடு பாய்."

"உன்ன காட்டிட்டு அப்புறம் காளாஸ்தி."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே பார்த்தபடியே சொன்னான். "கோதண்டன் நடந்துதான் உள்ள போனான் மச்சான். எப்பிடி வெளிய வந்தான்? நீயும் நானும்தானே தூக்கினோம்."

பாஷா கண்ணாடியில் என்னைப் பார்த்தான், ரேடியோவை அணைத்தான்.

முப்பது வருஷ வியாபாரத்தில் நான் கற்றது ஒன்று உண்டு. ஒருவன் முடியாது என்று சொல்லிவிட்டால் அதே சரக்கை அவன் முன்னால் திரும்ப வைக்கக் கூடாது. வேறு சரக்கை வைக்க வேண்டும். முனிரத்தினம் தனக்காக ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டான். சரி. எனக்காக?

நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். "பாய், ஓரம் கட்டு. எடது கை இழுக்குதுடா. என்னவோ பண்ணுது."

நீ பார்த்திருக்க வேண்டும் மச்சான். காளஸ்தி காளஸ்தி என்று அடம் பிடித்தவன் சீட்டை விட்டு எழுந்து கத்தினான். "ஓரம் இன்னாடா ஓரம்! திருப்புடா வண்டிய! ஆஸ்பத்திரிக்கு வுடு!" என் சட்டைப் பட்டனைக் கழற்றி, தண்ணீர் பாட்டிலை என் தலையில் கவிழ்த்து, "ஏகாம்பரம், கண்ண மூடாதடா, என்னப் பாத்துகினே இரு" என்று அழுதான். பாஷா நிஜம் என்றே நம்பிவிட்டான். சிக்னல், ஆட்டோ, மாடு எதையும் பார்க்காமல் ஓட்டியதில் எனக்கு உண்மையாகவே நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலில் முனிரத்தினம் என்னைத் தோளில் சாய்த்து ஏற்றினான். அவன் எங்கே விழுந்துவிடுவானோ என்று நான் அவனைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். பார்த்தவர்களுக்கு யார் நோயாளி என்று தெரிந்திருக்காது.

உள்ளே படுக்க வைத்ததும் நான் வேலையைக் காட்டினேன். "என் ஃப்ரெண்டுக்கும் ஈசிஜி எடுங்கம்மா. அவனுக்கு எடுக்காட்டி எனக்கும் வேணாம். ஒத்தையா பயமா கீது."

நர்ஸம்மாள் எங்களை மாறி மாறிப் பார்த்து, "ஏமண்டி, இத்தரிகீ நொப்பேனா?" என்று சிரித்தாள். இரண்டு பேருக்குமே வலியா என்று. முனிரத்தினம் அவளிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில், "இவன் சின்ன வயசுல இருந்தே இப்பிடித்தாம்மா, ஊசின்னா நடுங்குவான், எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுத் தானே சட்டையைக் கழற்றிப் பக்கத்துக் கட்டிலில் படுத்தான்.

டாக்டர் வந்தார். என் காகிதத்தைப் பார்த்து மடித்து வைத்தார். அவன் காகிதத்தைப் பார்த்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இரண்டு இடத்தில் அடைப்பு. ஒன்று ரொம்ப மோசம். அன்று சாயங்காலமே ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் ஒரு வாரம் ஓடியிருந்தால் எங்களிடம் சொல்லவே ஒன்றும் இருந்திருக்காது என்றார் டாக்டர். முனிரத்தினம் வீட்டுக்குப் போன் செய்து ஜெயா தங்கச்சியிடம் சொல்லும்போது, காய் விலை பேசுகிற இந்த வாய் நாலு தடவை குழறியது. எனக்கும் ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறதாம். பொய் சொல்லப் போன இடத்தில் நிஜ மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இன்று மூன்றாம் நாள். காலையில் இட்லி தின்றான். தின்றுவிட்டு என்னைத் திட்டினான். "துரோகி. நெஞ்சு வலின்னு நாடகம் ஆடறியா? நான் காருல எப்பிடி அழுதேன் தெரியுமா?" தெரியும் என்றேன். தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு சொன்னான்.

"கோதண்டன் எங்கிட்ட சொன்னான்டா."

"இன்னா சொன்னான்?"

"குர்ரங்கொண்டாவுலயே. எனக்கும் அப்பத்தான் லேசா அடைக்க ஆரம்பிச்சிது. அவங்கிட்ட கேட்டேன். 'எங்க முடியலியோ அங்க நின்னு கல்லப் பாரு. கல்லப் பாக்கறவன எவனும் ஒண்ணும் கேக்க மாட்டான்'ன்னான்."

மச்சான், கட்டிலில் கிடக்கிறவனை அடிக்க முடியாது, செத்தவனை அடிக்கவும் முடியாது. நீ செத்தது போதாதென்று அவனுக்கும் பாடம் எடுத்துவிட்டுப் போயிருக்கிறாயே! அவனும் உன்னைத் தூக்கிப் போட்ட கையோடு அதே பாடத்தைப் படித்துக்கொண்டு பத்து மாதம் நின்றிருக்கிறானே! இரண்டு பேரும் சேர்ந்து கல்லைப் பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்த்துப் பெருமைப்பட்டேன்.

"எங்கிட்ட ஏன்டா ஒருத்தனும் சொல்லல?" என்று கேட்டேன். சத்தம் போட்டுவிட்டேன் போலிருக்கிறது, நர்ஸம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"பெருமாள் மேல சத்தியம் வாங்கினான். 'ஏகாம்பரத்துக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா மறு நிமிஷம் தூக்கினு போயி ஆஸ்பத்திரியில போட்ருவான்'ன்னான்."

அதைக் கேட்டுத்தான் வராந்தாவுக்கு வந்தேன். வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆமாம்டா. போட்டிருப்பேன். உன்னைக் கட்டித் தூக்கிக்கொண்டுபோய்ப் போட்டிருப்பேன். நீ வாசலில் நின்று என் தாயைத் திட்டியிருந்தாலும் போட்டிருப்பேன். அது தெரிந்துதானே என்னிடம் சொல்லவில்லை? என்னைச் சரியாக எடை போட்டுவிட்டு, அதையே காரணமாக வைத்து என்னைத் தள்ளி நிறுத்தினாயே, அது எந்த ஊர் நியாயம்? பயமாக இருந்ததா? சீசன் போய்விடும் என்றா, லாரி நின்றுவிடும் என்றா, சரோஜா அழுவாள் என்றா? எதுவாக இருந்தாலும் ஒரு வார்த்தை. அவ்வளவு படி ஏறினோமே, ஒரு படியில் சொல்லியிருக்கக் கூடாதா?

சரி. நீ சொல்லாதது போகட்டும். நான் கேட்காததும் இருக்கிறது. "எப்பிடி கீற" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அடுத்த லோடு பற்றிப் பேசியவன் நான்தான். அதையும் இந்தக் குரூப்பிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது சொல்வதைக் கேட்டுக்கொள். முனிரத்தினத்தை நாளை மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். உன்னிடம் அவனை இப்போதைக்கு அனுப்புவதாக இல்லை. அங்கே அவனுக்கு இடம் போட்டு வைத்திருந்தால் எடுத்துவிடு. நாளைக்கு நான் இங்கேயே இருக்கிறேன், பாஷாவை வரச் சொல்லியிருக்கிறேன், அவனுக்கும் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிடப் போகிறேன். மாட்டேன் என்றுதான் சொல்கிறான். பார்க்கலாம், அவனுக்கு வேறு சரக்கு வைத்திருக்கிறேன்.

அடுத்த சீசன் முடிந்ததும் மறுபடி கிளம்புவோம். எந்தக் கோட்டை என்று முனிரத்தினம் சொல்லட்டும். ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் மச்சான். இனி நம் ஆட்களில் எவன் எந்தச் சுவர் முன்னால் போய் நின்றாலும், நான் சுவரைப் பார்க்க மாட்டேன். அவன் முகத்தைப் பார்ப்பேன்.

உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக நீ இடம் கொடுக்காத,
இன்னும் கோபம் தீராத உன் மச்சான்
ஏகாம்பரம்
சித்தூர்